84 முறையா, ஒரு முறையா? உலாவி வரலாற்றைப் படிக்கும் மென்பொருள்களை நீதிமன்றம் எவ்வளவு நம்பலாம்?

புதுடெல்லி: கொலை, மிரட்டல், நிதி மோசடி என எந்த வழக்காயினும், "குற்றம் சாட்டப்பட்டவர் சம்பவத்துக்கு முன்பு இணையத்தில் இதைத் தேடியிருக்கிறார்" என்ற ஒற்றை வரி குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றுவிட்டால் வழக்கின் போக்கே மாறிவிடுகிறது. தற்செயலாக நேர்ந்தது என்று வாதிடக்கூடிய ஒரு செயல், திட்டமிட்ட செயலாகத் தோன்றத் தொடங்குகிறது. அந்த வரிக்கு ஆதாரமாக அமைவது, கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவியின் வரலாற்றுக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள எண்களையும் முகவரிகளையும் மனிதர் படிக்கும்படி அட்டவணையாக்கித் தரும் ஒரு மென்பொருளின் அறிக்கை.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் சட்டங்கள் மின்னணுச் சான்றுகளுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிய இடத்தை அளித்துள்ளன. ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு கூறுகிறது. இதை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசமும் தரப்பட்டுள்ளது. ஆய்வகங்களுக்கு வந்து சேரும் வன்தட்டுகளும் கைப்பேசிகளும் இனி பெருகும் என்பதில் ஐயமில்லை. அவற்றைப் படிக்கும் மென்பொருள் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த இரண்டு வழக்குகள் விரிவான விடை தருகின்றன.

ஆர்லாண்டோவில் நடந்தது

புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில், தன் இரண்டு வயது மகள் கேலியைக் கொலை செய்ததாகக் கேசி ஆன்டனி என்ற இளம்பெண் மீது தொடரப்பட்ட வழக்கு 2011ஆம் ஆண்டில் விசாரணைக்கு வந்தது. குழந்தை காணாமற்போனதாக 2008 ஜூலையில் புகார் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உடல் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. குழந்தை எப்படி இறந்தது என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. எனவே வீட்டிலிருந்த கணினி, அரசுத் தரப்பின் முக்கியமான சாட்சியாயிற்று.

அந்தக் கணினியில் 2008 மார்ச் மாதத்தைச் சேர்ந்த, நீக்கப்பட்டிருந்த ஃபயர்பாக்ஸ் வரலாற்றுக் கோப்பு ஒன்று மீட்கப்பட்டது. குளோரோஃபார்ம் பற்றிய ஒரு பக்கம் அதில் பதிவாகியிருந்தது. காவல்துறை முதலில் பயன்படுத்திய நெட்அனாலிசிஸ் என்ற மென்பொருள், அந்தப் பக்கம் ஒரு முறை திறக்கப்பட்டதாகக் காட்டியது. பின்னர் அதே கோப்பு கேஷ்பேக் என்ற வேறொரு மென்பொருளில் இடப்பட்டபோது, 84 முறை திறக்கப்பட்டதாக அறிக்கை வந்தது. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் முன்வைத்தது இந்த இரண்டாவது எண்ணைத்தான். 84 முறை ஒரு மயக்க மருந்தைப் பற்றிப் படித்த தாய் என்ற சித்திரம் தொலைக்காட்சிகள் வழியே நாடெங்கும் பரவியது.

கேஷ்பேக்கை உருவாக்கிய ஜான் பிராட்லி சாட்சியம் அளித்த பின்னர், தன் மென்பொருளின் முடிவை மீண்டும் சரிபார்த்தார். அதில் பிழை இருப்பதைக் கண்டறிந்து, அரசுத் தரப்புக்கும் காவல்துறைக்கும் தெரிவித்ததாக அவர் பின்னர் கூறினார். குளோரோஃபார்ம் பக்கம் ஒரே ஒரு முறைதான் திறக்கப்பட்டிருந்தது. 84 என்ற எண் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்துக்கு உரியது.

இந்தப் பிழையின் வேர் கோப்பின் வடிவத்தில் இருந்தது. அக்கால ஃபயர்பாக்ஸ் தன் வரலாற்றை 'மோர்க்' என்ற விநோதமான வடிவத்தில் சேமித்தது. முகவரிகள் ஓரிடத்தில், அவற்றுக்கான எண்கள் வேறோரிடத்தில், இரண்டையும் இணைக்கும் குறியீடுகள் மற்றோரிடத்தில் என்று சிதறிக் கிடக்கும் எழுத்துக் கோப்பு அது. ஃபயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்பிலேயே அது கைவிடப்பட்டது. அத்தகைய கோப்பு நீக்கப்பட்டு, வன்தட்டின் காலிப் பகுதியிலிருந்து மீட்கப்படும்போது, எந்த எண் எந்த முகவரிக்கு உரியது என்று பொருத்துவது மென்பொருளை எழுதியவரின் புரிதலைப் பொறுத்ததாகிவிடுகிறது. திரையில் தெரியும் அட்டவணையோ இந்தச் சிக்கலின் சுவடே இல்லாமல், வங்கிக் கணக்குப் புத்தகம் போல நேர்த்தியாக இருக்கும்.

அறிக்கைகள் இரண்டும் வழக்கு ஆவணங்களில் இருந்ததால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களால் முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட முடிந்தது. 2011 ஜூலை 5 அன்று கொலைக் குற்றச்சாட்டிலிருந்து கேசி ஆன்டனி விடுவிக்கப்பட்டார். விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்ன குற்றத்துக்கு மட்டும் தண்டனை கிடைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை என்பதுதான் இவ்வழக்கைத் தடயவியல் பாடமாக்குகிறது. 2012 நவம்பரில் வெளிவந்த தகவலின்படி, குழந்தை கடைசியாகக் காணப்பட்ட 2008 ஜூன் 16 அன்று, அதே கணினியில் மூச்சுத்திணறடித்தல் தொடர்பான ஒரு தேடல் நடந்திருந்தது. அந்நாளுக்குரிய பதிவுகளை எடுத்தபோது காவல்துறை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் 17 பதிவுகளை மட்டுமே எடுத்திருந்தது. அதே கணினியில் ஃபயர்பாக்ஸில் இருந்த 1,200க்கும் மேற்பட்ட பதிவுகள் தவறவிடப்பட்டிருந்தன. ஒருபுறம், இல்லாத 84 வருகைகள் நீதிமன்றத்தில் ஒலித்தன. மறுபுறம், இருந்த ஒரு தேடல் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. முதற்பிழை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரானது. இரண்டாவது பிழை அரசுத் தரப்புக்கே எதிரானது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

இன்று பெரும்பாலான உலாவிகள் தங்கள் வரலாற்றை எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. மோர்க் காலத்துடன் ஒப்பிட்டால் நிலைமை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. குரோம் உலாவியில் ஓர் அட்டவணை முகவரிகளையும், மற்றோர் அட்டவணை ஒவ்வொரு வருகையையும் பதிவு செய்கிறது. அந்த வருகை எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கும் ஒரு குறியீடு உண்டு: இணைப்பைச் சொடுக்கியதாலா, முகவரிப் பட்டியில் தட்டச்சு செய்ததாலா, பக்கம் மீண்டும் ஏற்றப்பட்டதாலா, பக்கத்தினுள் இருந்த ஒரு சட்டகம் தானாகவே திறந்ததாலா என்பவற்றை அது வேறுபடுத்துகிறது.

நோக்கம் பற்றிய விவாதத்தில் இந்தக் குறியீட்டைப் போல உதவுவது வேறில்லை. ஆயினும் அதிலும் நுணுக்கம் உண்டு. இரண்டு எழுத்துகளைத் தட்டியவுடன் உலாவி பரிந்துரைக்கும் முகவரியைத் தேர்ந்தெடுத்தாலும், அது தட்டச்சு செய்ததாகவே பதிவாகும். சுருக்கப்பட்ட முகவரி ஒன்றைச் சொடுக்கினால், இடையில் தாவிச் செல்லும் முகவரிகளும் தனித்தனி வருகைகளாகப் பதிவாகின்றன. பயனர் அவற்றைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். எளிய மென்பொருள்கள் பலவும் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் முகவரி, தலைப்பு, நேரம் ஆகியவை முதன்மையாக நிற்கும். குறியீட்டுப் பத்தி ஓரத்துக்குப் போய்விடும், அல்லது இல்லாமலே போய்விடும்.

செய்திகளை மொழிபெயர்க்கும் மேசையிலும் இதே சறுக்கலுக்கு இடமுண்டு. 'வருகை பதிவாகியுள்ளது' என்று ஆய்வக அறிக்கை சொன்னால், அது செய்தியில் 'பார்த்தார்' என்றும், தலைப்பில் 'தேடினார்' என்றும், தொலைக்காட்சி விவாதத்தில் 'திட்டமிட்டார்' என்றும் உருமாறுவதற்கு அரைநாள்கூடத் தேவைப்படுவதில்லை. நான்கும் நான்கு வெவ்வேறு கூற்றுகள். முதலாவது மட்டுமே கோப்பில் இருப்பது.

நேரக் கணக்கு மற்றொரு பொறி. குரோம் தன் நேரத்தை 1601 ஜனவரி 1 முதல் கடந்த மைக்ரோ நொடிகளாக எழுதுகிறது. ஃபயர்பாக்ஸ் 1970 ஜனவரி 1 முதலும், ஆப்பிளின் சஃபாரி 2001 ஜனவரி 1 முதலும் கணக்கிடுகின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பல பத்தாண்டுகளோ நூற்றாண்டுகளோ பிழை வரும். அது உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. இந்தியாவில் உண்மையான ஆபத்து ஐந்தரை மணி நேரத்தில் ஒளிந்திருக்கிறது. இந்த உலாவிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தை அடிப்படையாகக் கொண்டே எழுதுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 12ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குத் திறந்த பக்கம், நேர மாற்றம் செய்யப்படாத அறிக்கையில் 11ஆம் தேதி இரவு 8.30 மணி என்று நிற்கும். தேதியே மாறிவிடுகிறது. ஒரு மென்பொருள் ஏற்கெனவே இந்திய நேரத்துக்கு மாற்றித் தந்ததை அறியாமல் ஆய்வாளர் மீண்டும் ஐந்தரை மணியைக் கூட்டினால், பிழை மறுதிசையில் நேரும். சம்பவத்துக்கு முன்பா, பின்பா என்பதே கேள்வியாக உள்ள வழக்கில் இந்த வேறுபாடு எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

அழிக்கப்பட்ட வரலாறும் எப்போதும் அழிந்துவிடுவதில்லை. எஸ்க்யூலைட் கோப்பில் நீக்கப்பட்ட வரிகள், அந்த இடம் வேறு தரவால் நிரப்பப்படும் வரை உள்ளேயே கிடக்கக்கூடும். பிரதான கோப்புக்கு அருகிலேயே, இன்னும் எழுதி முடிக்கப்படாத மாற்றங்களைத் தாங்கிய துணைக் கோப்பும் இருக்கலாம். இந்தத் துணைக் கோப்பைக் கவனிக்காமல் தரவுத்தளத்தைச் சாதாரணக் கருவியில் திறந்தால், மாற்றங்கள் பிரதான கோப்பில் கலந்து மூல நிலையே மாறிவிடக்கூடும். எனவேதான் மூல வன்தட்டைத் தொடாமல், அதன் நகலில் மட்டுமே பணிபுரிய வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதியாக இருக்கிறது.

மறைநிலைப் பயன்முறையைப் பற்றி இருவிதமான மூடநம்பிக்கைகள் நிலவுகின்றன. அது எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று பயனர்களும், எதையும் மறைக்காது என்று சில அதிகாரிகளும் எண்ணுகின்றனர். அப்பயன்முறையில் வரலாற்றுக் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் நினைவகத்திலும், சில வேளைகளில் நினைவகத்துக்குத் துணையான வன்தட்டுப் பகுதியிலும் தடங்கள் கிடைக்கக்கூடும். இணையச் சேவை நிறுவனத்தின் பதிவுகள் தனி.

கருவிகளைப் பொறுத்தவரை பஞ்சமில்லை. நிர்சாஃப்ட் வழங்கும் 'பிரவுசிங் ஹிஸ்டரி வியூ' இலவசமானது. வெவ்வேறு உலாவிகளின் வரலாற்றை ஒரே பட்டியலில் காட்டும். குரோம் வகை உலாவிகளுக்கென எழுதப்பட்ட 'ஹைண்ட்சைட்', முழு வன்தட்டையும் ஆராயும் 'ஆட்டாப்சி' ஆகியவை திறந்த மூல மென்பொருள்கள்; அவற்றின் நிரல் எவ்வாறு முடிவுக்கு வருகிறது என்பதை எவரும் படித்துப் பார்க்கலாம். மேக்னட் ஆக்சியம், பெல்காசாஃப்ட், நெட்அனாலிசிஸ் போன்றவை வணிக மென்பொருள்கள். இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் 'சைபர்செக்' என்ற ஆய்வுத் தொகுப்பை உருவாக்கியுள்ளது. இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தைவிட, ஒரே கோப்பை இரண்டு கருவிகளில் இட்டுப் பார்க்கும் வழக்கம் ஆய்வகத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம். ஆர்லாண்டோ வழக்கில் அது நடந்தது. ஆனால் முடிவுகள் முரண்பட்டபோது, கோப்பையே திறந்து பார்த்து எது சரி என்று தீர்மானிப்பதற்குள் சாட்சியம் அளிக்கப்பட்டுவிட்டது.

அதிகாலை 2.27 மணி

இதெல்லாம் பழைய மென்பொருள்களின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022 ஜனவரி 29 அன்று அதிகாலை, பாஸ்டன் காவல்துறை அதிகாரி ஜான் ஓகீஃப் ஒரு வீட்டின் முன்பு பனியில் கிடந்த நிலையில் மீட்கப்பட்டு உயிரிழந்தார். அவருடைய தோழி கேரன் ரீட் காரால் மோதியதாக வழக்குத் தொடரப்பட்டது. 2024இல் நடந்த விசாரணையில் பல வாரங்கள் பேசப்பட்டது, அரசுத் தரப்புச் சாட்சி ஒருவரின் ஐபோனில் இருந்த ஒரே ஒரு தேடல். குளிரில் இறக்க எவ்வளவு நேரமாகும் என்ற பொருள்பட, எழுத்துப்பிழையுடன் தட்டச்சு செய்யப்பட்ட சொற்கள் அவை.

ஆய்வு மென்பொருள் அதன் அருகே அதிகாலை 2.27 என்ற நேரத்தைக் காட்டியது. ஓகீஃப் கண்டெடுக்கப்பட்டதோ காலை 6 மணியளவில். 2.27 சரியென்றால், அவர் பனியில் கிடப்பதைச் சாட்சி முன்பே அறிந்திருந்தார் என்றாகும், வழக்கே தலைகீழாகும். எதிர்த்தரப்பு வல்லுநர் அவ்வாறே சாட்சியம் அளித்தார். அரசுத் தரப்பு வல்லுநர்கள் மறுத்தனர். 2.27 என்பது அந்த உலாவித் தாவலோடு தொடர்புடைய நேரம் என்றும், அதே தாவலில் காலை 6.20ஐக் கடந்த பின்னரே தேடல் நடந்தது என்றும் அவர்கள் விளக்கினர். தாவலின் நேரத்தையும் அதில் கடைசியாக இருந்த தேடலையும் மென்பொருள் ஒரே வரியில் காட்டியதே குழப்பத்துக்குக் காரணம். தவறான பொருள் தரக்கூடும் என்பதால், பின்னர் வந்த பதிப்பில் அந்த நேரப்பதிவு காட்டப்படுவது நிறுத்தப்பட்டதாக, அந்த மென்பொருளைத் தயாரிக்கும் செல்லிபிரைட் நிறுவனத்தின் வல்லுநரே நீதிமன்றத்தில் கூறினார்.

முதல் விசாரணை ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு ஏற்படாமல் 2024 ஜூலையில் முடிந்தது. மறுவிசாரணையில் 2025 ஜூன் 18 அன்று கொலைக் குற்றச்சாட்டிலிருந்து கேரன் ரீட் விடுவிக்கப்பட்டார். மது அருந்திவிட்டுக் கார் ஓட்டிய குற்றம் மட்டும் உறுதியானது. அந்த ஒரு நேரப்பதிவை விளக்குவதற்கு இரு தரப்பும் தனித்தனி வல்லுநர்களை அமர்த்த முடிந்தது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். இந்தியாவில் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் நிற்கும் சாதாரணக் குடும்பத்தால் அது இயலுமா?

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு, முந்தைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு மாற்றாக வந்தது. மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையிலேயே உறுதிப்படுத்தியிருந்தது. புதிய சட்டம் அச்சான்றிதழை இரு பகுதிகளாக்கியது. முதற்பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும் என்பதால், கைப்பற்றப்பட்ட பின் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது நல்ல காப்பு.

ஆனால் அந்தக் காப்பின் எல்லை எது என்பது பொதுவெளியில் போதிய அளவு பேசப்படவில்லை. கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே ஹாஷ் மதிப்பு சொல்கிறது. கோப்பை மென்பொருள் சரியாகப் படித்ததா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆர்லாண்டோ கணினியின் நகலுக்கு ஹாஷ் எடுத்திருந்தாலும், கேரன் ரீட் வழக்கின் ஐபோனுக்கு எடுத்திருந்தாலும், அம்மதிப்பு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், 84உம் 2.27உம் அப்படியேதான் அச்சாகியிருக்கும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த நேர மண்டல அமைப்பு என்ற கேள்விகளுக்குச் சான்றிதழ்ப் படிவத்தில் தனி இடம் ஒதுக்கப்படவில்லை. படிவத்தில் மூன்று வரிகளைக் கூட்டுவது பெரிய சீர்திருத்தம் அன்று; ஆனால் குறுக்கு விசாரணைக்கு அது ஒரு பிடியைத் தரும்.

விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பதையும் வரலாற்றுக் கோப்பு சொல்வதில்லை. கேசி ஆன்டனி வழக்கிலேயே, குளோரோஃபார்ம் பற்றித் தேடியது தானே என்று அவருடைய தாயார் சாட்சியம் அளித்தார். ஒரு கணினியை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நிறைந்த நாட்டில், கடையில் ஒரே கணக்கில் எல்லோரும் உள்நுழையும் நாட்டில், இது சிறிய கேள்வி அன்று. உலாவியில் ஒத்திசைவு இயக்கப்பட்டிருந்தால் ஒருவரின் கைப்பேசியில் திறந்த பக்கத்தின் பதிவு வீட்டுக் கணினியிலும் வந்து சேரலாம். வேறொருவர் தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழையும் வாய்ப்பும் உண்டு. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியே ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று, எதிர்த்தரப்புக்காக ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அவை அக்கணினியில் திறக்கப்பட்டதற்கே தடயம் இல்லை என்றும் அது கூறியது. தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவை ஏற்கவில்லை. யார் சரி என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. வன்தட்டின் முழு நகல் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்ததால்தான் இப்படியொரு விவாதமே சாத்தியமாயிற்று என்பது மறுக்க முடியாதது.

அந்த நகலைப் பெறும் உரிமைக்குச் சட்ட அடிப்படை ஏற்கெனவே உள்ளது. நினைவக அட்டையில் உள்ள பதிவு ஓர் ஆவணமே என்றும், வழக்கு அதைச் சார்ந்திருந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகல் கிடைக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டால் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்றும் கேரள நடிகர் திலீப் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. இதே உரிமையை வன்தட்டு நகலுக்கும் வழக்கறிஞர்கள் கோரலாம். மென்பொருள் அச்சிட்ட அட்டவணையை மட்டும் பெற்றுக்கொண்டு குறுக்கு விசாரணைக்குச் செல்பவர், 84 என்ற எண்ணை எதிர்த்துக் கேட்க எதுவும் இல்லாமல் நிற்பார்.

கோருவதைத் தாமதிக்கவும் முடியாது. குரோம் உலாவி தன் வரலாற்றைச் சுமார் 90 நாள்கள் வரையே வைத்திருக்கிறது. கைப்பற்றப்பட்டு முறையாக நகலெடுக்கப்பட்ட கணினியில் அந்த 90 நாள்கள் உறைந்து நிற்கும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய பதிவு மனைவியின் கைப்பேசியிலோ அலுவலகக் கணினியிலோ இருக்குமானால், அவற்றை எவரும் கைப்பற்றியிருக்க மாட்டார்கள். ஆய்வக அறிக்கை வந்து, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அதன் நகல் கைக்குக் கிடைக்கும் நாளில், அந்தப் பதிவு பெரும்பாலும் தானாகவே நீங்கியிருக்கும்.